முதலில் நிற்கும் தலையாட்டி

நான் எழுதிய கம்ப்யூட்டர் கோடு பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கூடப்பிறந்த அக்காவைச் சமையலறைத் தரையில் கிடக்கவிட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்டும்போது யாரும் குறுக்கே வந்து 'நீ மட்டும் யோக்கியமா' என்று கேட்க முடியாது.

பக்கவாதம் வந்து போனதிலிருந்து அக்காவின் இடது காலும் இடது கையும் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய் மட்டும் கேட்கிறது; கேட்டதற்கு மேலேயும் பேசுகிறது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற வாய் அது. மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். கீழே ஒரு தையல்கடை. தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டால், அந்தக் கட்டடத்தில் அக்காவும் அவள் குரலும்தான்.

வெளியூரில் இருக்கும் எங்கள் அண்ணன் போனை எடுத்தாலே ஒரே பல்லவி. "அவளை நல்ல முதியோர் இல்லமா பாத்துச் சேத்துடலாம்டா. நான் விசாரிச்சு வச்சிருக்கேன்."

"இல்லத்துல சேக்கறதுக்கு நான் என்ன பெட்டி படுக்கையோட விடுதிக்குப் போற பிள்ளையா?" என்றாள் அக்கா. "என் வீட்டுல என் நாற்காலி இருக்கு. என் ஜன்னல் இருக்கு. நான் எங்கயும் வரல."

கைபேசியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னோம். "நான் என்ன மாடா?" என்றாள். அந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். வீட்டிலிருந்தபடியே சோபாக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. "அண்ணா, பேசினா பதில் சொல்ற பெட்டி ஒண்ணு வருது. அக்கா விழுந்தா அதுவே ஆளைக் கூப்பிடற மாதிரி நான் எழுதித் தரேன்" என்றேன்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அந்தப் பெட்டி உருப்படியா வேலை செஞ்சா அவ வீட்டுலயே இருக்கட்டும். இல்லேன்னா இல்லம்தான்" என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

குரல் பெட்டிக்குப் புதிய வேலை கற்றுக்கொடுப்பதற்குத் 'திறன்' எழுதுவது என்று பெயர். வெறும் தரையிலிருந்து எழுப்ப வேண்டாம். கம்பெனியே ஒரு லைப்ரரி தருகிறது. புத்தகமும் தூக்கமும் கிடைக்கும் லைப்ரரி இல்லை. யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த கோடு மூட்டை. பெட்டி காதில் வாங்குவது, எழுத்தாக்குவது, திருப்பிப் பேசுவது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது வேலைக்கு ஓர் ஆள் வீதம் வரிசையில் நிறுத்துவது. 'விழுந்துட்டேன்' என்று கேட்டால் தையல்காரருக்கும் எனக்கும் போன் போட ஓர் ஆள். 'மாத்திரை' என்று கேட்டால் எது காலை, எது மாலை என்று சொல்ல ஓர் ஆள். 'போதும்' என்றால் வாயை மூட ஓர் ஆள்.

அக்கா ஏதாவது பேசியதும் லைப்ரரி வரிசையின் தலைமாட்டிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வரும்: 'உன்னால் முடியுமா?' யார் முதலில் 'முடியும்' என்கிறானோ அவனிடம் வேலை போய்விடும். அதற்குப் பிறகு நிற்பவர்களை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வரிசையின் கடைசியில் ஒரு தலையாட்டியை நிறுத்தச் சொல்கிறது கம்பெனியின் விளக்கப் புத்தகம். எதைக் கேட்டாலும் 'முடியும்' என்பான், எதையும் செய்யமாட்டான். யாருக்கும் புரியாத பேச்சு வந்தால் சிரித்த குரலில் வணக்கம் சொல்லி, 'என்ன செய்யட்டும்?' என்று கேட்பது மட்டுமே அவன் உத்தியோகம்.

எல்லாம் எழுதி, என் வீட்டுப் பெட்டியில் ஓட்டிப் பார்த்து, நானே தரையில் படுத்து 'விழுந்துட்டேன்' என்று சொல்லிப் பார்த்தேன். என் போன் அடித்தது. எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. அதோடு கையை எடுத்திருக்க வேண்டும். வரிசை கலைந்து கிடந்ததால் அகரவரிசைப்படி அடுக்கி வைத்தேன். தலையாட்டிக்கு நான் வைத்திருந்த பெயர் 'அனைத்தும்'. அகரவரிசையில் அது எங்கே போய் நிற்கும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

அழகுபடுத்தியதைக் கம்பெனியின் ஏற்பு மன்றத்துக்கு அனுப்பினேன். மன்றம் முத்திரை குத்தினால்தான் ஒரு திறன் அடுத்தவர் வீட்டுப் பெட்டியில் ஓடும். அன்று சாயங்காலமே பதில் வந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் திறன் ஏற்கப்பட்டது. தலைசிறந்த நட்புணர்வுக்கான தங்க முத்திரையும் அளிக்கப்படுகிறது.' அண்ணனுக்கு அனுப்பிக் காட்டினேன். அண்ணன் கட்டைவிரலைக் காட்டினார். அக்கா வீட்டுக்கும் ஒரு பெட்டி வாங்கி வைத்து, திறனை அதில் ஏற்றினேன்.

அடுத்த வாரம் அக்கா சமையலறையில் வழுக்கி விழுந்தாள்.

"விழுந்துட்டேன்" என்றாள்.

"வணக்கம்! உங்க குரலைக் கேட்டதுல ரொம்ப சந்தோஷம். இன்னைக்கு நான் என்ன செய்யட்டும்?" என்றது பெட்டி.

"விழுந்துட்டேன்னு சொல்றேன்ல!"

"வணக்கம்! உங்க குரலைக் கேட்டதுல ரொம்ப சந்தோஷம்."

அக்கா பிறகு தன் தொழில் குரலை எடுத்தாள். நான்கு நடைமேடைகளுக்கும் கேட்கும் குரல். அந்தக் குரலில் அவள் பெட்டியையும் கம்பெனியையும் என்னையும் திட்டியது தையல் இயந்திரத்தின் சத்தத்தைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது. நல்லவேளை, கடை திறந்திருந்தது.

"யாரோ மருமகளைத் திட்டறாங்கன்னு நெனச்சு வேடிக்கை பாக்கத்தாங்க மேல வந்தேன்" என்றார் தையல்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அக்கா நாற்காலியில் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னைக் காப்பாத்தினது உன் பெட்டி இல்லடா. என் வாய்."

அங்கேயே உட்கார்ந்து கோடைத் திறந்தேன். தலையாட்டி மாலை போட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றான். அவனைப் பிடித்துக் கடைசியில் தள்ளினேன். திருத்தம் அவ்வளவுதான். மறுபடி மன்றத்துக்கு அனுப்பினேன்.

'வருந்துகிறோம்! உங்கள் திருத்தத்தை ஏற்க இயலும் நிலையை நோக்கி நாம் இணைந்து பயணிப்போம்' என்று பதில் வந்தது. இயலாது என்பதை அந்த மன்றம் இப்படித்தான் சொல்லும். காரணம்: 'பயனர் பேசியதும் உங்கள் திறன் வணக்கம் சொல்லாமல் நேரடியாக வேலையில் இறங்குகிறது. இது பயனரைப் புண்படுத்தக்கூடும்.'

விழுந்து கிடப்பவளுக்கு ஏற்கெனவே புண்தான். இருந்தாலும் வணக்கத்தைச் சேர்த்து அனுப்பினேன்.

அடுத்த பதில்: ''விழுந்துட்டேன்' என்பது எதிர்மறைச் சொல். எங்கள் பெட்டிகள் மகிழ்ச்சியான இல்லங்களில் வாழ்கின்றன. கீழ்க்காணும் நேர்மறைச் சொற்றொடர்களைப் பரிந்துரைக்கிறோம்: 'நான் தரைமட்டத்தை அடைந்திருக்கிறேன்.' 'எனக்கு எழுந்திருக்கும் வாய்ப்பு கிடைத்துள்ளது.''

அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"இதை எழுதினவனை ஒரு தடவை என் மாடிப்படியில நிக்க வையேன்" என்றாள். "ஒரே ஒரு வாய்ப்பு குடுக்கறேன்."

இதற்கிடையில், பழைய திறன், அதாவது வணக்கம் மட்டும் சொல்லும் திறன், தங்க முத்திரையோடு அக்கா வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவும் மன்றத்தின் ஏற்பு வேண்டும். என் வீட்டுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் வைத்தேன். முகவரி மாறியதை மோப்பம் பிடித்துப் பூட்டிக்கொண்டது. கூடப்பிறந்தவள் எப்படி அடுத்தவர் ஆவாள் என்று எழுதிக் கேட்டேன். 'உறவுகளை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்' என்று பதில் வந்தது.

உதவி எண்ணுக்குப் பேசினேன். தேன் தடவிய குரல் ஒன்று எடுத்தது.

"சார், உங்க பிரச்சனை எனக்கு நல்லாப் புரியுது. என்னால கண்டிப்பா முடியும் சார்."

"நான் என்ன பிரச்சனைன்னே இன்னும் சொல்லலீங்களே."

"அதுவும் புரியுது சார்."

"மேல யார்கிட்டயாவது மாத்தி விடுங்க."

"எதுக்கு சார் மாத்தணும்? அதான் என்னால முடியும்னு சொல்றேனே."

இப்படித் தினமும். யார் எடுத்தாலும் முடியும் என்றார்கள். முடியாது என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அடுத்த ஆளிடம் போயிருக்கலாம். ஒவ்வொரு முறை போனை வைத்ததும் 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று ஒரு செய்தி வரும். ஒரு நட்சத்திரம் போட்டேன். 'நட்சத்திரம் வழங்கியதற்கு நன்றி' என்று வந்தது.

மூன்றாவது பதில்தான் கிரீடம். 'எங்கள் சோதனையின்போது 'விழுந்துட்டேன்' என்று சொல்லப்பட்டது. அவ்வேளையில் யாரும் விழவில்லை. உண்மைக்குப் புறம்பான தகவலை உங்கள் திறன் விசாரிக்காமல் நம்பிவிடுகிறது. விழுதலை உறுதிசெய்யும் கேள்விகளைச் சேர்க்கவும்.' மாதிரிக் கேள்விகளையும் அவர்களே தந்திருந்தார்கள். உண்மையாகவே விழுந்தீர்களா? எந்தப் பக்கமாக? இந்த விழுதலை உங்கள் நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?

அக்கா சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "இப்பல்லாம் சமையலறைக்குப் போகவே பயமா இருக்குடா" என்றாள்.

"பாத்துக்கலாம்க்கா. எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

"நீயும் ஒரு தங்க முத்திரை வாங்கிடுவே போல" என்று போனை வைத்துவிட்டாள்.

மாதக் கடைசி நெருங்கியது. இல்லத்துக்காரர்கள் ஓர் அறையை ஒதுக்கி வைத்திருப்பதாக அண்ணன் சொன்னார். அப்போது கம்பெனியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. திறன் எழுதுபவர்களின் குறைகளைத் தலைமை அலுவலகத்தில் நேரடியாகக் கேட்கும் விழா. பெயர், 'செவிமடுப்புத் திருநாள்'.

"நானும் வரேன்" என்றாள் அக்கா.

"படி நெறைய இருக்கும்க்கா."

"இருக்கட்டும். கூடத் தையல்காரர் வருவார். அவருக்கும் கொஞ்சம் கேக்கணுமாம்."

உண்மையில் தையல்காரருக்குக் கேட்க ஒன்றுமில்லை. அந்தக் கட்டடத்தின் திரைச்சீலைகளை யார் தைத்தது என்று பார்க்கவே வந்தார். பார்த்துவிட்டு, "மடிப்பு சரியில்ல" என்றார்.

மேடையில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைமைச் செவிமடுப்பு அதிகாரி. அவர் இரண்டு காதிலும் வெள்ளையாக ஏதோ செருகியிருந்தார். பேசி முடிக்கும்வரை அதை எடுக்கவில்லை.

"நண்பர்களே, போன வருஷம் எங்ககிட்ட வந்த கேள்வி அத்தனைக்கும் பதில் சொல்லியிருக்கோம். நூத்துக்கு நூறு! அந்தப் பதில் சரியான்னு சிலர் கேக்கறாங்க. அது வேற துறை. அந்தத் துறையை இன்னும் ஆரம்பிக்கல." கைதட்டல். "எங்க நிறுவனத்துல 'இல்லை', 'முடியாது', 'தெரியாது' இந்த மூணு வார்த்தையையும் அடியோட ஒழிச்சுட்டோம். இப்ப இந்தக் கட்டடத்துல யாருக்கும் எதுவும் தெரியாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது!" இதற்கு இன்னும் பலத்த கைதட்டல். "ஒரு வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் எங்க பெட்டியோட பேசறாரோ, அவ்வளவு தூரம் அவர் சந்தோஷமா இருக்கார்னு எங்க அளவுகோல் சொல்லுது. இந்த மாசம் ஒரு அம்மா சமையலறையிலேருந்து ரொம்ப நேரம் இடைவிடாம பேசியிருக்காங்க. அவங்களை நான் வணங்கறேன்!"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தையல்காரரைப் பார்த்தேன். தையல்காரர் திரைச்சீலையைப் பார்த்தார்.

கேள்வி நேரம் வந்தது. எழுந்து நின்றேன். "ஐயா, ஒரே கேள்வி. என் திருத்தம் இந்த மாசத்துக்குள்ள ஏறுமா, ஏறாதா?"

"அருமையான கேள்வி" என்றார் தலைமை.

"ஆழமான கேள்வி" என்றார் அவருக்கு இடப்பக்கம் இருந்தவர்.

"இந்த மாதிரிக் கேள்விகளாலதான் நாங்க வளர்றோம்" என்றார் வலப்பக்கம் இருந்தவர். அதோடு என் முறை முடிந்தது.

அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். மெல்ல மேடைக்கு முன்னால் போனாள். தடியைப் பிடித்தபடியே, எந்த அவசரமும் இல்லாமல், நல்ல காலை மடக்கி, மற்றதைச் சரித்து, தரைவிரிப்பில் சாய்ந்து படுத்தாள். நான் பாய்ந்து போய்க் குனிந்தேன்.

"தூக்காத" என்றாள் காதோடு. "சோதனை நடக்குது."

பிறகு நடைமேடைக் குரலில் அறிவித்தாள். "விழுந்துட்டேன்!"

தலைமைச் செவிமடுப்பு அதிகாரி மலர்ந்தார். "வணக்கம்மா! உங்க குரலைக் கேட்டதுல ரொம்ப சந்தோஷம். இன்னைக்கு நாங்க உங்களுக்கு என்ன செய்யட்டும்?"

"விழுந்துட்டேன்."

"வணக்கம்மா!" என்றார் இடப்பக்கம் இருந்தவர்.

"விழுந்து கெடக்கறேன்யா!"

"எங்களோட இணைஞ்சிருக்கறதுக்கு நன்றிம்மா" என்றார் வலப்பக்கத்தார். வரிசையின் ஓரத்தில் இருந்த ஒருவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்தார். அப்பாடா என்று நினைத்தேன். அவர் அக்காவைப் படம் எடுத்தார்.

அக்கா தரையிலிருந்தபடியே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். "உன் தலையாட்டி, உன் தலையாட்டின்னு சொன்னியே. எத்தனை பேரு பாரு. வரிசையா உக்காந்திருக்கானுங்க."

விழா தேநீருக்குக் கலைந்தது. அவள் கிடந்த இடத்தைச் சுற்றி நடந்து அதிகாரிகள் தேநீருக்குப் போனார்கள். அரங்கின் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். மேடைத் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தவள். கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கியது. வந்தவள் வணக்கம் சொல்லவில்லை. அக்காவின் நல்ல பக்கம் எது என்று கேட்டு, அந்தப் பக்கமாகக் கை கொடுத்து, நானும் தையல்காரரும் பிடிக்க, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அடி ஏதும் இல்லையேம்மா?"

"இல்ல. நீ யாரும்மா? இந்தக் கம்பெனிதானா?" அக்காவால் நம்ப முடியவில்லை.

"இங்கதான். ஏற்பு மன்றம்."

நான் நிமிர்ந்தேன். "மன்றத்துல எத்தனை பேர் இருக்கீங்க?"

"யாரும் இல்லீங்க. மன்றம்னா ஒரு ப்ரோகிராம். அதை எழுதினது நான். நீங்க உங்க திறனை எழுதினீங்களே, அதே லைப்ரரியிலதான் எழுதினேன்." குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் உங்க திறனைக் கூப்பிட்டுப் பேசிப் பாக்கும். பேச்சு நீளமாப் போனா ஏத்துக்கும். டக்குனு முடிஞ்சா தள்ளிடும். தள்ளறதுக்கு ஒரு காரணத்தை விதிப் புத்தகத்துலேருந்து எடுத்துப் போடும்."

"என் முதல் திறன் எப்படி ஏறிச்சு?"

அவள் உதட்டைக் கடித்தாள். "நான் வரிசையை மாத்தி அடுக்கிட்டேங்க. எதுக்கெடுத்தாலும் வணக்கம் சொல்றவன் என் ப்ரோகிராம்லயும் முதல்ல போய் நின்னுட்டான். உங்களுது வணக்கம் சொல்லிச்சு, என்னுது வணக்கம் சொல்லிச்சு. ரெண்டும் பொழுது சாயற வரைக்கும் மாத்தி மாத்தி வணக்கம் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நீண்ட, இணக்கமான உரையாடல்னு பதிவாகித் தங்க முத்திரை வந்துடுச்சு."

"நீங்களும் அகரவரிசையா?" என்றேன்.

"பாக்க நல்லா இருக்குமேன்னு..." என்றாள்.

அந்த நிமிடம் அவள்மேல் எனக்கு வந்த பாசம், உடன்பிறந்தவர்களிடம்கூட வந்ததில்லை.

"திருத்திட வேண்டியதுதானே?"

"எப்பவோ திருத்திட்டேன். அவனைக் கடைசியில தள்ளணும், அவ்வளவுதான். ஏற்புக்கு அனுப்பியிருக்கேன்."

"யாருகிட்ட?"

"அதுகிட்டயேதான்." தேநீர் மேசைப் பக்கம் தலையைத் திருப்பினாள். "சொல்லிப் பாத்தேன். 'அருமையான கண்டுபிடிப்பு'ன்னு ஒரு கேடயம் குடுத்தாங்க."

 "நேரா ஒரு வார்த்தை சொல்லுங்க. இனிமே என் அக்கா விழுந்தா அந்தப் பெட்டி யாரையாவது கூப்பிடுமா?"

"கூப்பிடாது" என்றாள். "இந்த மாசமும் கூப்பிடாது. அடுத்த வருஷமும் கூப்பிடாது. அதை நம்பி அவங்களைத் தனியா விடாதீங்க."

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் பல நாள் கழித்து ஒரு நிம்மதி. உத்தியோகத்தில் இருந்தபோது அவள் ஒருமுறை மேலதிகாரியிடம் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. தண்டவாளம் மூழ்கிய நாளில், 'தாமதமாக வரும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். இவள் 'வண்டி வராது, வீட்டுக்குப் போங்க' என்று அறிவித்துவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவள் எழுதியது ஒரே வரி: வராது என்று தெரிந்தால் நடந்தாவது போய்விடுவார்கள்.

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் என்னிடம். "வண்டி வராது. இப்ப என்ன பண்ணப் போறே? நாளன்னைக்கு அண்ணன் காரோட வந்து நிப்பான்."

'பாத்துக்கலாம்க்கா' என்ற சொல் வழக்கம்போல வரிசையில் முதலாவதாக வந்து நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கினேன். அடுத்து நின்றது லேசில் சொல்லக்கூடியது இல்லை. நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தால் சண்டை வரும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பெட்டி வாங்கினேன்.

"சோபாக் கடை வேலையை நான் எங்க உக்காந்தும் பாக்கலாம்" என்றேன். "மூட்டை முடிச்சோட உன் வீட்டுக்கே வந்துடறேன். வச்சுக்குவியா, மாட்டியா?"

தையல்காரர் திரைச்சீலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் போகாமல் நின்றாள். தேநீர் மேசையிலிருந்து யாரோ யாருக்கோ வணக்கம் சொல்வது கேட்டது.

"உன்னை வச்சுக்கறேன்" என்றாள் அக்கா. "பெட்டியை வச்சுக்க மாட்டேன்."